கல்தூசிக்கு எந்தக் கட்டம்?

ஹாக்புரூக் மாவட்டத்தில் யாரும் இஷ்டத்துக்குச் செத்துவிட முடியாது. எதனால் சாகலாம் என்பதற்கு லண்டனிலிருந்து அச்சடித்து வந்த பட்டியல் ஒன்று பதிவு அலுவலகச் சுவரில் தொங்கியது. மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் காரணங்கள். பல் முளைப்பு, பயம், மூப்பு, மின்னல், மிதமிஞ்சிய குடி, இறைவனின் வருகை என்று எல்லாத் தரத்தாருக்கும் ஏற்றபடி இருந்தன. இவற்றுள் ஒன்றில் அடங்காமல் செத்தவரை, அடங்கும்வரை நாங்கள் திருத்தினோம்.

நான் அங்கே நகல் எழுத்தன். பெயர் ஜோசையா லன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மரணப் பதிவேட்டை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி லண்டனுக்கு அனுப்புவது என் வேலை. ஆகவே இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார விட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஊசி செய்வார்கள். ஊசிக்கு முனை வைப்பதற்கு, உலர்ந்த சாணைக்கல்லின் முன் குனிந்து உட்கார்ந்து, ஒரு பிடி கம்பிகளை உள்ளங்கையில் உருட்டித் தீட்ட வேண்டும். கல்லும் இரும்பும் பொடியாகி மூக்கு வழியாக உள்ளே போகும். அப்படிப் போனது திரும்பி வராது. முனை தீட்டுகிறவர்களில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பதிவேட்டிலோ அவர்கள் அத்தனை பேரும் ‘உடல் தேய்வு’ என்ற ஒரே காரணத்தால் செத்திருந்தார்கள். அதை நான் மிக அழகான கையெழுத்தில் பார்த்து எழுதியிருக்கிறேன்.

பதிவாளர் செப்டிமஸ் ஆல்டேக்கர் முன்பு ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு பதிவிலும் ஏழு எட்டுக் கட்டங்கள் உண்டு. ஆறாவது, மரணக் காரணம். ஏழாவது, தகவல் கொடுத்தவரின் கையெழுத்தும் அவர் யார் என்ற விவரமும். மில் சந்திலிருந்து வருகிற ஆலைத் தொழிலாளர்களுக்கு எழுத்து தெரியாது என்பது ஆல்டேக்கரின் தீர்மானம். அதனால் காலையில் வந்ததும் ஏழாவது கட்டங்களில் எல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்துவிடுவார். வந்தவர் அதன்மேல் பேனாவை இழுத்தால் போதும், சாவு செல்லுபடியாகிவிடும்.

1864 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கெசையா டேண்டி வந்தாள். ஆலையில் ஊசிப் பொட்டலம் கட்டுகிறவள். அவள் புருஷன் ரூபன் முந்தின நாள் செத்திருந்தான். முனை தீட்டுகிறவன், வயது முப்பத்தொன்று. ஆல்டேக்கர் ஒரு நிமிஷத்தில் ஆறு கட்டங்களையும் நிரப்பிவிட்டு ஏட்டை அவள் பக்கம் தள்ளாமலே விரலால் காட்டினார்.

“இந்தாம்மா, இங்க ஒரு கோடு, அதுக்குக் குறுக்க ஒரு கோடு. அவ்வளவுதான்.”

“அவரு எதுல செத்தாருன்னு எழுதியிருக்கீங்க?”

“நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்.”

“நான் கல்தூசின்னு சொன்னேன். உடல் தேய்வுன்னு எழுதியிருக்கு.”

ஆல்டேக்கர் ஏட்டைப் பார்த்தார். அது அவளுக்குத் தலைகீழாக இருந்தது.

“உனக்குப் படிக்க வருமா?”

“ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சீட்டு ஒட்டுவா, இந்தப் பக்கம் நான் பொட்டலம் கட்டுவேன். பன்னெண்டு வருஷமா தலைகீழாத்தான் படிக்கிறேன். தேய்ஞ்சாருங்கறது சரி ஐயா. எதுல தேய்ஞ்சாரு? அதைப் போடுங்க.”

“அது பட்டியல்ல இல்லையேம்மா.”

“ஏன் இல்ல?”

“அதுல யாரும் செத்ததில்ல.”

“ஏன் செத்ததில்ல?”

“பட்டியல்ல இல்லையே!” என்றார் ஆல்டேக்கர். இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கெசையா பேனாவைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். போன வருஷம் ஆலைகளைப் பார்க்க வந்த பரிசோதகரை அவள் சாலையிலேயே மறித்து, தூசியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி ஒன்றை வைக்கச் சொல்லிக் கேட்டாளாம். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். இந்த மாவட்டத்தில் தூசியால் ஒருவர் செத்ததாகப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால், மறுநாளே ஆலைக்கு உத்தரவு போடுவேன் என்றாராம்.

“ரூபனோட கல்லு காலியா இருக்கு. வர்ற திங்கக்கிழமை என் தம்பி ஏனோக் அதுல உட்காரப் போறான். அவனுக்கு இருபத்திரண்டு வயசு. அந்த ஒரு வரி எனக்கு வேணும். அது இல்லாம நான் குறி போட மாட்டேன்.”

தகவல் கொடுக்க மறுப்பவருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. தகவலை வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் இல்லை. ஆல்டேக்கர் சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் விட்லாக்குக்கு ஆலைதான் சம்பளம் கொடுத்தது. அவர் கையுறையைக் கூடக் கழற்றாமல் அவளுக்குப் பாடம் எடுத்தார்.

“இதைப் புரிஞ்சுக்கம்மா. தூசிங்கறது நோய் இல்ல, பொருள். பொருளால சாவு வந்தா அது விபத்து. விபத்துன்னா சட்டுனு நடக்கணும். உன் புருஷனுக்குப் பதினாறு வருஷம் ஆச்சு. இவ்வளவு நிதானமா நடக்கறதை நான் எப்படி விபத்துன்னு சொல்றது?”

“அப்போ நோய்னு சொல்லுங்க.”

“நோய்னா யாருக்கு வேணாலும் வரணும். இது முனை தீட்டறவங்களுக்கு மட்டும்தானே வருது?”

“அதைத்தான் டாக்டரையா நானும் சொல்றேன்.”

டாக்டர் அவசரமாக இன்னொரு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசியில் மேற்பார்வைப் பதிவாளர் பார்ஜெட்டர் வந்தார். அவருக்கு மனிதர்களைவிட ஏடுகள்மேல் மதிப்பு அதிகம். ஏடுகள் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. விவகாரத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விதியைச் சொன்னார். “இருநூற்றுப் பதிமூணாம் பதிவு முடியாம இருநூற்றுப் பதினாலு தொடங்கப்படாது. இந்தம்மா குறி போடற வரைக்கும் இந்த மாவட்டத்துல வேற யாரும் சாகக் கூடாது.”

இப்படித்தான் ஹாக்புரூக்கில் சாவு நின்றது.

அதாவது, ஆட்கள் வழக்கம்போலச் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பாதிரியார் வழக்கம்போலப் புதைத்துக்கொண்டும் இருந்தார். ஆனால் மண்ணுக்குள் போனவர்கள் எங்கள் ஏட்டைப் பொறுத்தவரை உயிரோடு இருந்தார்கள். செருப்புத் தைக்கும் கிழவர் கிட்டின்ஸ் தன் மனைவியின் சாவைப் பதிய வந்தார். அவளை இன்னும் இறந்தவளாகக் கருத முடியாது என்று ஆல்டேக்கர் சொன்னதும் கிழவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். “சரிங்க. அவ எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தா. நீங்க வேணாம்னா நான் போய் எழுப்பிக் கூட்டியாறேன். முன்கோபக்காரி, பார்த்துப் பேசுங்க.”

மூன்றாவது வாரம் ரூபன் டேண்டிக்கு ஆலையிலிருந்து ஓர் ஓலை வந்தது. சாவுச் சான்று வராததால், அனுமதியின்றி வேலைக்கு வராத குற்றத்துக்காக அவன் நீக்கப்பட்டிருந்தான். கெசையா அதை எங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து சுவரில் பட்டியலுக்குப் பக்கத்தில் குத்தினாள். “பதினாறு வருஷத்துல அவரு எடுத்த முதல் லீவு. அதுக்கே பொறுக்கலை பாருங்க” என்றாள்.

அவள் தினமும் வந்தாள். ஆலை விட்டதும், கையில் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் சுற்றிய துணி முடிச்சோடு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவாள். “எழுதியாச்சா ஐயா?” என்று கேட்பாள். இல்லை என்றதும் எழுந்து போவாள்.

பார்ஜெட்டருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மாறாக, ஒரு மாதமாக ஒரு மரணமும் பதிவாகாததைக் கண்டு நெஞ்சு நிமிர்த்தி நடந்தார். ஏழை நிவாரணத்தை மேற்பார்க்கும் ஊர்ப் பெரியவர்கள் குழுவின் விருந்தில் ஆட்டுத் தொடையை முடித்துக்கொண்டு பேச எழுந்தார். நான் குறிப்பெடுக்கப் போயிருந்தேன்.

“கனவான்களே! வேறு மாவட்டங்களில் சாக்கடை வெட்டுகிறார்கள், தண்ணீர்க் குழாய் போடுகிறார்கள். செலவுதான் மிச்சம். நாம் ஒரு மண்வெட்டியைக் கூடத் தூக்கவில்லை. வெறும் ஒழுங்கான எழுத்து வேலையால் சாவை நிறுத்திக் காட்டியிருக்கிறோம். முப்பது நாளாக இம்மாவட்டத்தில் ஒருவரும் சாகவில்லை. நம் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் பதினான்கு புதுக் குழிகள் இருப்பதாகச் சிலர் பேசுகிறார்கள். குழியை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், கனவான்களே. பதிவேடு அப்படியல்ல!”

கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. டாக்டர் விட்லாக் எழுந்து நின்றே தட்டினார்.

சந்தில் யாரும் தட்டவில்லை. அங்கே கெசையாவுக்கு வசவுதான் கிடைத்தது. டார்க்கஸ் ஹெமிங் என்பவளின் புருஷனும் முனை தீட்டுகிறவன். அவனும் இரண்டு வாரத்துக்கு முன் போய்விட்டான். அவள் எங்கள் அலுவலக வாசலிலேயே கெசையாவைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் ஒருத்தி வீம்பால என் புருஷன் பாதி செத்து பாதி உசிரோட நிக்கிறான்டி! ஊர்ல எல்லாரும் வாயை மூடிக்கிட்டுச் சாகலையா? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“உன் புருஷன் எதுல செத்தாரு, டார்க்கஸ்?”

“எல்லாரும் செத்ததுலதான்.”

“அதுக்கு என்ன பேரு?”

டார்க்கஸ் கெசையாவின் கையை விட்டாள்.

“கைக்குட்டைய நீதானே துவைச்ச? அதுல என்ன வந்துச்சு?”

“சாம்பல் நிறமா…” என்றாள் டார்க்கஸ். “தேய்ச்சாலும் போகாது. மணல் மாதிரி நறநறன்னு.” அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

ஏனோக்குக்குத்தான் அக்காமேல் தீராத எரிச்சல். திங்கட்கிழமை சொன்னபடி அவன் கல்லில் உட்கார்ந்துவிட்டான். விசிறி வந்தால் வேலை சுலபமாகிவிட்டது என்று சொல்லிக் கூலியைக் குறைப்பார்கள் என்று முனை தீட்டுகிறவர்கள் எல்லோருக்கும் பயம். அவன் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டான்.

“ஏக்கா, உனக்கு மானமே இல்லையா? மதுக்கடைல என்னை விசிறி வீட்டுக்காரன்னு கூப்பிடறாங்க. வேலை செய்யற ஆம்பளைங்க நாங்களே கேட்கலை. நீ ஏன் கேட்கற?”

“நீங்க கேட்க மாட்டீங்க. கேட்கற வயசு வர்றதுக்குள்ள போயிடுவீங்க. அதனாலதான் நான் கேட்கறேன்.”

அவன் திரும்பப் பேச வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. சின்ன இருமல். புது வேலைக்காரர்களுக்கு அது ஐந்தாறு வாரத்தில் வரும். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். கெசையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று எனக்கு என் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்த இருமல் எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். அதை நான் கொம்பும் சுழியும் பிசகாமல் ‘உடல் தேய்வு’ என்று எழுதி வந்திருக்கிறேன்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலாண்டு முடிந்தது. சாவை நிறுத்திய பெருமை பார்ஜெட்டருக்கு அன்று காலை வரைதான் இருந்தது. பாதியில் நிற்கும் பதிவோடு ஏடு லண்டன் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. தபால் வண்டி நாலு மணிக்கு. அவர் முகம் வெந்த பீட்ரூட் நிறத்தில் இருந்தது. வாசலில் சாவைப் பதியக் காத்திருந்த பத்தொன்பது வீட்டார் வரிசையில் நின்றார்கள். கெசையா பெஞ்சில் இருந்தாள்.

“கடைசியாச் சொல்றேன், ஆறாவது கட்டம் மாறாது” என்றார் பார்ஜெட்டர். “அது டாக்டர் சொன்னபடி எழுதினது. அது அரசாங்கத்தோட கட்டம்.”

“சரிங்கய்யா” என்றாள் கெசையா. “ஏழாவது கட்டம் யாரோடது?”

“அது தகவல் கொடுக்கறவரோடது. அவர் யாரு, சாவு அவருக்கு எப்படித் தெரியும்னு அவரே சொல்லணும். அதுல அரசாங்கம் கை வைக்கறதில்ல.” இதைச் சொல்லும்போது அவருக்கு அந்தக் கட்டத்தின்மேல் கூட ஒரு பெருமிதம் வந்தது.

“அதுல இருக்கறதை அப்புறம் யாராச்சும் சுரண்டுவாங்களா?”

“சுரண்டறதா! இந்த ஏட்டுல மை பட்ட ஒரு புள்ளிய எடுக்க இந்தத் தேசத்துல ஒருத்தருக்கும் உரிமை கிடையாது. எனக்கே கிடையாது.”

“நகல் எடுக்கறப்போ?”

“எழுத்துக்கு எழுத்து. லன், நீயே சொல்லு.”

“எழுத்துக்கு எழுத்துதாங்க” என்றேன். என் வாழ்க்கையில் அதற்குமுன் நான் எதையும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

“அப்போ பேனாவைக் கொடுங்க” என்றாள் அவள்.

ஆல்டேக்கர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, பென்சில் குறி போட்டிருந்த இடத்தைக் காட்டினார். பார்ஜெட்டர் கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கெசையா ஏட்டைத் தன் பக்கம் திருப்பினாள். மையைத் தொட்டு, அதிகப்படியை விளிம்பில் வழித்து, பென்சில் குறியின்மேலேயே, பொட்டலச் சீட்டில் வருகிற மாதிரிப் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினாள். ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு போடும் நேரம் கடந்தும் அவள் கை நிற்கவில்லை.

“ஏம்மா, உனக்கு எழுதவும் வருமா?” என்றார் ஆல்டேக்கர்.

“யாரும் கேட்கலையே ஐயா.”

அவள் எழுதியதை நான் நகலெடுத்தேன், ஆகவே மனப்பாடமாகத் தெரியும்: ‘கெசையா டேண்டி, இறந்தவரின் மனைவி, மில் சந்து. அவர் சாகும்போது உடனிருந்தேன். பதினோரு வருஷம் அந்த இருமலோடும் உடனிருந்தேன். அவரைக் கொன்றது சாணைக்கல் தூசி.’

பார்ஜெட்டர் அதைப் படித்தார். சுரண்டும் கத்தி மேசைமேல்தான் இருந்தது. அதைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சற்று முன் தானே சொன்ன விதி அவர் கையைக் கட்டிப்போட்டது. எனக்கு ஒரு கணம் அவர்மேல் பரிதாபம் கூட வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை.

“அடுத்தவங்க வாங்க” என்றார் ஆல்டேக்கர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

கிட்டின்ஸ் கிழவர் தன் மனைவி மூப்பால் செத்ததாகவும், அவள் இன்னும் எழுந்து வரவில்லை என்பதற்குத் தானே சாட்சி என்றும் ஏழாவது கட்டத்தில் எழுதச் சொன்னார். அதுவும் எழுதப்பட்டது. பத்தொன்பதில் ஏழு பேர் முனை தீட்டுகிறவர்களின் வீட்டார். இரண்டு பேர் தாங்களே எழுதினார்கள். டார்க்கஸ் உட்பட மற்ற ஐவரும் குறி போட்டுவிட்டு, பக்கத்தில் எழுதும்படி கெசையாவிடம் பேனாவைக் கொடுத்தார்கள். டார்க்கஸ் மட்டும் “நறநறன்னு இருந்துச்சுன்னும் சேர்த்துக்க” என்றாள். அது பெரிய கட்டமில்லை. ஆனாலும் இடம் இருந்தது.

நாலு மணி வண்டிக்கு நகல் போயிற்று. அதில் சாணைக்கல் தூசி என்ற சொல் எட்டு இடத்தில் இருந்தது. நான் ஒரு புள்ளி விடவில்லை.

மே மாதம் லண்டனிலிருந்து பதில் வந்தது. முத்திரையைப் பார்த்ததும் ஆல்டேக்கர் உட்கார்ந்துவிட்டார். பார்ஜெட்டர் நின்றபடியே வாசித்தார். ‘தங்கள் மாவட்ட நகலில் மிகக் கடுமையான ஒழுங்கீனம் காணப்படுகிறது. எட்டுப் பதிவுகளில், ஆறாவது கட்டத்துக்கு உரிய மரணக் காரணம் ஏழாவது கட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. காரணங்களைத் தவறான கட்டத்தில் எழுதுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்க இயலாது. உடனே அவற்றை உரிய கட்டத்துக்கு மாற்றி, தகவல் கொடுத்தவர்களிடம் ஓரத்தில் கையொப்பம் பெற்று அனுப்பவும்.’

அவ்வளவுதான். தூசியைப் பற்றியோ பட்டியலைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் விட்லாக் செய்தி கேட்டு ஓடி வந்தார்.

“அப்போ நான் கொடுத்த உடல் தேய்வு என்ன ஆகறது?”

“அடிக்கப்படும்” என்றார் பார்ஜெட்டர். அவர் குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. கையில் ஒரு விதி இருந்தால் அவருக்குப் போதும். “ஒரு கட்டத்துல ரெண்டு காரணம் இருக்கப்படாது, விட்லாக். இவங்களோடதை மாத்தச் சொல்லி லண்டன் எழுதியிருக்கு. உங்களோடதைப் பத்தி யாரும் ஒரு வரி எழுதலை.”

எட்டு பேரையும் வரவழைத்தோம். கெசையா தன் சொந்தப் பேனாவோடு வந்திருந்தாள். எட்டுப் பதிவிலும் ‘உடல் தேய்வு’ மேல் கோடு இழுத்து, சாணைக்கல் தூசி என்று நான் எழுதினேன். தன் பதிவின் ஓரத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள், மற்றவர்கள் தங்கள் பதிவில் கையெழுத்தோ குறியோ போட்டார்கள். இந்த முறை யாரும் பென்சில் குறி போட்டு வைக்கவில்லை.

பரிசோதகர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், கொஞ்சம் தாமதமாக. பதிவேட்டைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அக்டோபரில் ஆலையில் விசிறி ஓடத் தொடங்கியது. கூலியும் குறைந்தது, ஏனோக் பயந்தது பொய்யில்லை.

அவன் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து வரும் வழியில் என் வீட்டில் நின்று தேநீர் குடிப்பான். அந்த விசிறிக் காற்று பட்டுப் பட்டுத் தன் கழுத்து பிடித்துக்கொண்டதாகவும், அக்கா செய்த காரியத்தால்தான் இப்படித் திரும்ப முடியாமல் கிடப்பதாகவும் முழு ஒரு மணி நேரம் புலம்புவான். போன வாரமும் புலம்பினான். அவனுக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது.